கேம் பெட்டி வாங்கலாமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஐம்பத்தைந்தாயிரம் கொடுத்து, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் கன்சோல் ஒன்று வாங்கலாமா வேண்டாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனும் நான்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறவனும் நான்தான் என்பதால், இரண்டு பக்கமும் நியாயம் பேசுவேன் என்று நினைக்கிறார்கள் போல. வாங்கு என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொல்கிறேன். பத்துப் பேரில் ஏழு பேர் அதோடு என்னிடம் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் ஒரு வகையில் பதில்தான்.

நோட்டு எதற்கு என்றால், என் கதை இப்படி. 2023 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் 5, சுருக்கமாகப் பிஎஸ்5, வாங்கினேன், டிஸ்க் போடுகிற மாடல், 54,990 ரூபாய். (மூன்று மாதம் கழித்து ஜூலையில் அதே பெட்டிக்கு 7,500 தள்ளுபடி விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் பேசலாம்.) பள்ளத்தூர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுப் பெரியவரான ஐயா பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், விலையைக் கேட்டார், சொன்னேன்.

"நூத்துக்கு ஒரு ரூவா வட்டின்னாலும் மாசம் ஐந்நூத்தம்பது ஆச்சேப்பா. இது என்ன தரும்?"

"சந்தோஷம் தரும் ஐயா."

"சரி, அதையும் சிட்டையில எழுது. எத்தனை மணி நேரம் சந்தோஷமா இருந்தேன்னு தேதி போட்டு எழுது. ரெண்டு வருசம் கழிச்சு ஐந்தொகை பாப்போம்."

சிட்டை என்றால் தினக் கணக்கு நோட்டு, ஐந்தொகை என்றால் கடைசியில் போடுகிற மொத்தக் கணக்கு. கேலியாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே எழுதினேன்.

2025 ஏப்ரலில் உட்கார்ந்து கூட்டினேன். பெட்டி 54,990. இரண்டாவது கன்ட்ரோலர் 5,990. ஐந்து கேம் டிஸ்க் 18,000. ஒரு வருட ஆன்லைன் சந்தா 3,000. கரண்ட் போனால் பெட்டி படக்கென்று அணைந்துவிடாமல் இருக்க ஒரு யுபிஎஸ் 4,500. ஆக மொத்தம் 86,480. பெட்டி விலை என்று நான் மனதில் வைத்திருந்ததைவிட முப்பதாயிரத்துக்கு மேல் கூட. டிஸ்கில் மூன்றை 5,500-க்கு விற்றிருந்தேன், பெட்டியையும் கன்ட்ரோலர்களையும் 28,000-க்குக் கேட்டார்கள், இரண்டையும் கழித்தால் நிஜமாகவே கரைந்துபோன பணம் 52,980. நோட்டில் இருந்த மணிக்கணக்கு 410. வகுத்தால் மணிக்கு 129 ரூபாய். ஐயா விடவில்லை, வட்டியையும் ஏற்றச் சொன்னார், 24 மாதத்துக்கு 13,200, அதையும் சேர்த்தால் மணிக்கு 161. தியேட்டரில் 150 ரூபாய் டிக்கெட்டுக்கு இரண்டரை மணி நேரம் படம் பார்க்கிறேன், மணிக்கு 60 ரூபாய்தான் ஆகிறது. முறுக்கு, வண்டி பெட்ரோல் எல்லாம் சேர்த்தாலும் நூறைத் தாண்டுவது கஷ்டம்.

இதற்கு நேர்மாறாக, 2019-இல் மதுரையில் ஒருவரிடம் பழைய பிஎஸ்4 ஒன்றை 18,000-க்கு வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய காலம். மூன்று வருடம் ஆடித் தீர்த்து 11,000-க்குத் தள்ளிவிட்டேன், டிஸ்க் வாங்கி விற்றதில் ஒரு 6,000 கையைவிட்டுப் போனது. மொத்த இழப்பு 13,000. எத்தனை மணி ஆடினேன் என்பதற்கு அப்போது நோட்டு கிடையாது, ஆனால் பிஎஸ்5-க்குள் நுழைந்ததும் பழைய பிஎஸ்4 கேம்களில் எவ்வளவு நேரம் கழித்தேன் என்று அதுவே காட்டியது, கூட்டினால் 900 மணிக்குக் குறையவில்லை. மணிக்குப் பதினான்கு ரூபாய் சொச்சம்.

புதுப் பெட்டியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், லோடு ஆவதற்குக் காத்திருக்க வேண்டாம், எல்லாம் உண்மை. ஆனால் என் கணக்கில் ஒன்பது மடங்கு வித்தியாசம் வந்தது பெட்டியால் இல்லை. 2019-இல் எனக்கு நேரம் இருந்தது, 2023-இல் இல்லை, அதை நான் எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவர்கள் எல்லோரும் விலையைச் சரியாகத்தான் சொல்கிறார்கள், மணிக்கணக்கில்தான் பொய் சொல்லிக்கொள்கிறார்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

நான்கு வாரம். பெட்டி இல்லாமலே. தினமும் ராத்திரி படுக்கும் முன் ஒரு வரி: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கை சும்மா இருந்தது, அந்த நேரம் டிவி காலியாக இருந்ததா, அப்போது விளையாடத் தோன்றியதா இல்லை தூங்கத் தோன்றியதா. என்னுடைய இரண்டாவது வருட நோட்டிலிருந்து ஒரு வாரத்தைக் காட்டுகிறேன். "திங்கள்: ரிட்டர்ன் வேலை, இல்லை. செவ்வாய்: 9.40 முதல் 10.30, ஆன் பண்ணினேன், அப்டேட் ஓடியது, படுத்துவிட்டேன். புதன்: அம்மா சீரியல், அப்புறம் செய்தி. வியாழன்: இல்லை. வெள்ளி: 10 முதல் 12.15, நன்றாக இருந்தது. சனி: குன்றக்குடி, அப்புறம் ஒரு விசேஷ வீடு. ஞாயிறு: அக்கா பையன் வந்தான், மதியம் 2 முதல் 4." ஏழு நாளில் நாலேகால் மணி, அதுவும் நல்ல வாரம்.

டிவியைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டி உங்களுடையது, டிவி வீட்டுடையது. ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் பட்டாலையில் போய் ரிமோட்டைக் கேட்டுப் பாருங்கள், பிறகு வந்து மேலே படியுங்கள்.

நான்கு வாரக் கணக்கு கையில் வந்ததும் சராசரி எடுத்து, அதில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் புதுப் பெண்டாட்டி மாதிரி கொஞ்சுவோம், அந்த வேகம் நிற்காது. என் நோட்டில் முதல் இரண்டு மாதம் மட்டும் 96 மணி, அதே வேகத்தில் போயிருந்தால் இரண்டு வருடத்தில் ஆயிரத்து நூற்றைம்பது மணி தாண்டியிருக்க வேண்டும். வந்தது 410.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு மணி நேரப் பொழுதுபோக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று ஒரு எண் வையுங்கள், தியேட்டர் கணக்கில் 60 என்றே வைப்போம். புதுப் பெட்டி வாங்கி இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 50,000 கரையும் என்றால், 60-க்குள் அடங்க 833 மணி ஆட வேண்டும், அதாவது வாரம் எட்டு மணி, ஒரு வாரமும் தவறாமல், நல்ல நாள் கெட்ட நாள் எல்லாவற்றிலும். முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள், உங்களை யாரும் குறை சொல்ல முடியாது, மணிக்கணக்கில் பார்த்தால், முறுக்கு பெட்ரோலோடு தியேட்டருக்குப் போய்வருகிறவரைவிட நீங்கள் சிக்கனக்காரர். வாரம் மூன்று மணிதான் தேறும் என்றால், இரண்டு வருடத்துக்கு 312 மணி, 60-ஆல் பெருக்கினால் 18,720. அதுதான் நீங்கள் இழக்கலாம் என்கிற தொகை. அதற்குப் புதுப் பெட்டி கட்டுப்படியாகாது, பழைய பெட்டி கட்டுப்படியாகும். வாரம் ஒரு மணி என்றால் பெட்டியே வேண்டாம், கையில் இருக்கிற போனும் லேப்டாப்பும் போதும்.

பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து ஆடினால் ஆளுக்கொரு மணியாகக் கணக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வைக்கலாம், நியாயம்தான். என் 410-இல் 150 மணி இன்னொருவரோடு ஆடியது, ஆள் கணக்கில் 560 ஆகிறது, மணிக்கு 95 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. இதில் முக்கால்வாசி அக்கா பையன்களுடைய உபயம். இன்னொரு பத்துப் பதினைந்து மணி என் மனைவியோடு, "இட் டேக்ஸ் டூ" என்று 2021-இல் வந்த கேம், அதைத் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் இருந்தால்தான் நகரும். கேம் என்றாலே முகம் சுளிக்கிறவர் வீட்டில் இருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது கன்ட்ரோலருக்குக் கொடுத்த 5,990 பற்றி அதற்கப்புறம் பேச்சே வரவில்லை.

(அப்பத்தாவின் தீர்ப்பு வேறு. முகப்புத் திண்ணையில் தாயக்கட்டம் கீறியிருக்கிறது, பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை தோட்டத்தில் கிடக்கிறது, மணிக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். அந்த விலைக்கு எந்தக் கம்பெனியாலும் போட்டி போட முடியாது.)

வாங்கும் முன் ஓசியில் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பாதிப் பணம் இதில்தான் மிச்சமாகும். லேப்டாப் இருந்தால் எபிக் என்கிற ஆன்லைன் கேம் கடையில் கணக்குத் திறந்துகொள்ளுங்கள், 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகக் கேம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எடுத்து வைத்தால் உங்களுடையதாகவே இருக்கும். ஸ்டீம் என்கிற இன்னொரு ஆன்லைன் கடையில் ரூபாயிலேயே விலை போட்டிருப்பார்கள், வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பழைய லேப்டாப் என்றால் பழைய கேம் போடுங்கள். ஒரு கேமை நாற்பது மணி நேரம் உட்கார்ந்து முடிக்கிற பொறுமை நமக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. இல்லை என்று தெரிந்தால் ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் லாபம்.

கன்சோலையே கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு ஆட விடுகிற கடைகள் இருக்கின்றன. நான் போன இடத்தில் மணிக்கு 80 ரூபாய். இருபது மணி ஆடினாலும் 1,600தான். அங்கே கூட்டத்தில் ஆடும்போது வருகிற உற்சாகம் வீட்டில் தனியாக வருகிறதா என்பது வேறு கேள்வி, பலருக்கு வருவதில்லை. அந்த ஆட்கள் கடைக்கே போய் ஆடுவது நல்லது, மாதம் நான்கு தடவை போனாலும் ஒரு பெட்டி விலையை எட்ட வருடக்கணக்கில் ஆகும்.

எந்தப் பெட்டி, எந்த வகை

பெட்டிகளை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் ஏராளம், அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பணத்தின் பக்கமிருந்து ஒன்றே ஒன்று: டிஸ்க் போட இடம் இருக்கிறதா? டிஸ்க் என்பது நகை மாதிரி, போட்டுக்கொள்ளலாம், அலுத்தால் விற்கலாம், மச்சினனுக்கு இரவல் கொடுக்கலாம். டவுன்லோடு செய்கிற கேம் கோயில் உண்டியலில் போட்ட காசு, புண்ணியம் உண்டு, திரும்பி வராது. நான் வாங்கியபோது டிஸ்க் இல்லாத பிஎஸ்5, டிஸ்க் உள்ளதைவிடப் பத்தாயிரம் குறைவு. ஒரு டிஸ்கை விற்று இரண்டாயிரம் தேறும் என்றால் ஐந்து டிஸ்கில் அந்தப் பத்தாயிரம் கைக்கு வந்துவிடுகிறது, ஆறாவதிலிருந்து லாபம். வருடத்துக்கு இரண்டு கேமுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றால் குறைந்த விலையை எடுங்கள், அதில் தப்பில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது, சின்னப் பெட்டி, டிஸ்க் கிடையாது, மாதச் சந்தா கட்டி ஒரு நூலகம் மாதிரி எடுத்து எடுத்து ஆடுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் சந்தாவை மறந்துபோய் ஆறு மாதம் கட்டிக்கொண்டிருப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை, ஜிம்மைக் கேட்டுப் பாருங்கள். ஜப்பான் கம்பெனியான நிண்டெண்டோ நம் நாட்டில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை, கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு, ரிப்பேர் என்றால் வாரண்டி என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவர்களுடையதுதான் நல்ல பெட்டி என்பது என் அபிப்பிராயம், இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகத் தயங்குகிறேன்.

கேம் வாங்குவதில் ஒரே ஒரு விதி, அவசரப்படாதீர்கள். புதுக் கேம் வந்த வாரம் நாலாயிரம் ஐயாயிரம் சொல்வார்கள், ஒரு வருடம் பொறுத்தால் பாதிக்கு வரும், ஓட்டை உடைசலையும் அதற்குள் அடைத்திருப்பார்கள். சைபர்பங்க் 2077 ஞாபகம் இருக்கிறதா? 2020 டிசம்பர் 10 வெளியானது, பழைய பெட்டிகளில் ஓட முடியாமல் திணறி, எட்டே நாளில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது, திரும்ப வர அடுத்த ஜூன் ஆனது. முதல் நாள் வாங்கியவர்கள் முழு விலை கொடுத்துத் தலைவலி வாங்கினார்கள், இரண்டு வருடம் கழித்து வாங்கியவர்கள் குறைந்த விலையில் நல்ல கேம் ஆடினார்கள். ஊறுகாய் போட்ட அன்றே யாரும் சாப்பிடுவதில்லை.

இதற்கு விதிவிலக்கு ஃபுட்பால் மாதிரி வருடா வருடம் புது நம்பர் போட்டு வருகிறவை. இஏ கம்பெனி ஃபிஃபா என்ற பெயரில் விட்ட கடைசி வருடப் பதிப்பு ஃபிஃபா 23, அடுத்த வருடம் பெயரை மாற்றி இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 என்று வந்தது. புதியது வந்த மறுநாள் பழைய டிஸ்கைப் போன வருடக் காலண்டர் மாதிரிதான் பார்ப்பார்கள். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் இதுதான் பலருக்கு மலிவு, என் சித்தப்பா பையன் ஒருவன் ஒரே ஃபுட்பால் கேமை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக ஆடுகிறான், இரண்டாவது கேமே வாங்கவில்லை. நீங்கள் கதைக் கேம் ஆளா, போட்டிக் கேம் ஆளா என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். கதைக் கேம் ஆள் என்றால் பழைய டிஸ்க் வாங்கி, முடித்து, விற்று, அடுத்ததை வாங்குங்கள். போட்டிக் கேம் ஆள் என்றால் ஆன்லைன் சந்தாவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆடத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும், ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேமுக்கு வேண்டாம்.

நம்ம ஊர் வீட்டுக்கு வைத்துப் பாருங்கள்

விளம்பரத்தில் பெட்டி இருக்கிற வீடும் நம் வீடும் வேறு. எங்கள் பள்ளத்தூர் வீட்டுச் சுவர் சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டை எல்லாம் போட்டு அரைத்துக் கட்டியது, இரண்டடி கனம். மோடத்தை முகப்பில் வைத்தால் பட்டாலை தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம், வை-ஃபை வராது, அதற்கும் பின்னால் இருக்கிற இரண்டாம் கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கேபிள் இழுக்க வேண்டும், அதற்கும் பணம், தேக்குத் தூணில் ஆணி அடிக்கப் பெரியவர்களிடம் அனுமதியும் வேண்டும். இப்போதைய கேம்களில் சில நூறு ஜிபி தாண்டுகின்றன. 40 எம்பிபிஎஸ் லைனில் நூறு ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட்டுக்கு நெட் வேண்டும். 825 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்த என் பெட்டியில் கேமுக்குக் கிடைத்த இடம் 667 ஜிபிதான்.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு: பிஎஸ்5 ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 24 யூனிட். ஏசி போடுகிற வீட்டில் அது கண்ணிலேயே படாது. ஆனால் ஸ்லாப் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் ஒருமுறை பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

வெயிலும் தூசியும் நிஜமான பிரச்சினை. அதைவிட நிஜமான பிரச்சினை பல்லி. சிரிக்காதீர்கள். பெட்டியின் பின்பக்கம் சூடாகவும் இருட்டாகவும் இருக்கும், பல்லிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. என் பிஎஸ்4 ஒருநாள் கர்ரென்று சத்தம் போட்டு அணைந்தது, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன், பையன் மூடியைக் கழற்றினான், ஃபேன் ஓரத்தில் தூசிப் பஞ்சு, பவர் சப்ளை பக்கம் காய்ந்துபோன ஒரு பல்லி, அதற்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டை. அவன் ஒன்றும் சொல்லாமல் பிரஷ்ஷை எடுத்தான், தினம் பார்க்கிறவன் போல. 1,200 ரூபாய். (மேலே சொன்ன 13,000-இல் இது சேரவில்லை, சேர்த்தாலும் மணிக்கு ஒன்றரை ரூபாய்கூட ஏறாது.) அதிலிருந்து ஆடாதபோது மேலே ஒரு பருத்தித் துண்டு போடுகிறேன், ஆடும்போது கட்டாயம் எடுத்துவிடுகிறேன். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் பெட்டியைத் திணிக்காதீர்கள், சித்திரை வைகாசியில் அது உள்ளேயே வெந்துவிடும்.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு

என் கணக்கில் ஜெயித்தது பழைய பெட்டி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விற்கிறவர் வீட்டுக்கே போங்கள், பஸ் ஸ்டாண்டில் கைமாற்றாதீர்கள். கையோடு ஒரு டிஸ்க் கொண்டுபோய் அரை மணி நேரம் ஆடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான், இருபதாவது நிமிடத்தில்தான் ஃபேன் இரைச்சலும் சூட்டில் அணைவதும் தெரியும். டிஸ்கை உள்ளே விட்டு வெளியே எடுப்பதை மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், நீங்கள் தொடாமலே திரையில் இருக்கிற ஆள் ஒரு பக்கமாக நகர்ந்தால் கட்டைவிரலால் ஆட்டுகிற குச்சி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், புதுக் கன்ட்ரோலர் நான் வாங்கியபோதே கிட்டத்தட்ட ஆறாயிரம் என்பதால் விலையில் அதைப் பேசிக் கழிக்கலாம். பின்பக்கம் எச்டிஎம்ஐ ஒயரை லேசாக ஆட்டுங்கள், படம் போய்ப் போய் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விற்கிறவர் தன் கணக்கிலிருந்து உங்கள் முன்னாலேயே வெளியேறி, பெட்டியைத் துடைத்து, நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து ஆன்லைன் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். முறைகேடு செய்ததற்காகக் கம்பெனியே ஆன்லைனைத் தடுத்து வைத்த பெட்டிகள் சந்தையில் சுற்றுகின்றன, மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தலையில் கட்டிக்கொண்ட நண்பர் ஒருவர் இன்னும் என்னோடு பேசுகிறார், அந்த விற்ற ஆளோடு இல்லை.

இஎம்ஐ பற்றி ஒரு வரி. வட்டியில்லாத் தவணை என்று எழுதியிருப்பார்கள், வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிக் கழித்திருப்பார்கள், அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பிராசசிங் கட்டணம் இரண்டும் உங்கள் தலையில். ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடியும் போயிருக்கும். ஐயா காதில் விழுந்தால் "வட்டி இல்லாம எவன்டா கடன் கொடுத்தான்" என்பார், பரம்பரையே அந்தத் தொழிலில் இருந்தவர்.

பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்கள் பெட்டி விலையைவிடப் பெட்டிக்குள் இருக்கிற கடையைப் பார்த்துப் பயப்பட வேண்டும். கார்டு நம்பரைச் சேமிக்காதீர்கள், வாங்குவதற்குப் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள், வேண்டுமென்றால் ஐந்நூறு ரூபாய் கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது. "இலவசம்" என்கிற மொபைல் கேமில்தான் சத்தமில்லாமல் பணம் போகிறது. சட்டை, துப்பாக்கிக்குப் பெயிண்ட் என்று பையன்கள் அம்மா போனிலிருந்து வாங்கித் தள்ளிய கேம்களில் பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் நம் நாட்டில் தடையாயின. வாங்கியது எதையும் யாரிடமும் விற்க வழி கிடையாது. அதைப் பார்த்தால் அலமாரியில் இருக்கிற டிஸ்க் எவ்வளவோ தேவலை. ப்ளஸ் டூ வருடம் பெட்டியைப் பூட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், அதில் நான் தலையிடுவதில்லை.

என் பிஎஸ்5-ஐ அந்த 28,000-க்கு நான் கொடுக்கவில்லை. பள்ளத்தூரிலேயே விட்டுவிட்டேன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பங்காளி வீட்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கும்போது இரண்டு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு முறை போட்டு ஆடுகிறார்கள், நோட்டு இப்போது அவர்கள் கையில், ஆள் கணக்கில் எழுதச் சொல்லியிருக்கிறேன். போன பொங்கலுக்கு மட்டும் மூன்று நாளில் 61 மணி எழுதியிருந்தான் பெரியவன், ஐயா அதைத் தணிக்கை செய்து பார்வையாளர்களைக் கழித்து 38 என்று திருத்தினார்.

நீங்கள் விற்பதாக இருந்தால் அடுத்த தலைமுறைப் பெட்டி பற்றி அறிவிப்பு வருவதற்கு முன்னால் விற்றுவிடுங்கள், வந்தபின் விலை சரியும். அட்டைப்பெட்டி, உள்ளே வந்த அட்டை அச்சு, ஒயர்கள், பில் எல்லாம் இருந்தால் இரண்டு மூன்றாயிரம் கூடவே கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றே அத்தனையையும் ஒரு சாக்கில் கட்டிப் பரண் மேல் போடுங்கள், எலி வராத பக்கமாகப் பார்த்து.